இரண்டரை நூல் போல்ட்டு

பழைய புல்லட் வைத்திருக்கும் வீடு எதுவானாலும் அங்கே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு ஐம்பது அறுபது போல்ட்டு, நட்டு, வாஷர் கிடக்கும். பார்த்தால் குப்பை. ஆனால் வண்டிக்காரர் அதை யாருக்கும் தர மாட்டார். பிஸ்டன் கிடைக்கும், கிளட்ச் பிளேட் கிடைக்கும், சைலன்சர் கிடைக்கும். அவற்றையெல்லாம் பிடித்து நிறுத்தும் சரியான போல்ட்டுதான் எளிதில் கிடைக்காது.

இது ஏன் இப்படி என்று கேட்டால் பலர் சொல்லும் பதில், "பழைய வண்டி, அப்படித்தான்" என்பதாக இருக்கும். அது பதில் அல்ல. இதன் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் போல்ட்டு தேடுவதும் சுலபம். வண்டியும் பிழைக்கும், ஓட்டுபவரும் பிழைப்பார்.

முதலில் நம் வீட்டுப் பெண்களின் தோட்டிலிருந்து தொடங்குகிறேன். தோட்டின் திருகாணி தொலைந்துபோனால் வேறு தோட்டின் திருகாணியை எடுத்துப் போட முடியுமா? பெரும்பாலும் முடியாது. ஒவ்வொரு பத்தரும் தன் கைப் பழக்கப்படி மரை போட்டிருப்பார். செய்த பத்தரிடமே போனால்தான் பொருத்தமாகக் கிடைக்கும். அவர் இல்லை என்றால் புதிதாக ஒரு ஜோடி செய்துகொள்ள வேண்டியதுதான்.

இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் இயந்திரங்களின் நிலையும் இதுதான். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு இயந்திரத்தைக் கழற்றினால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மாறிப்போனால் சேராது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர் 1800-ஐ ஒட்டிய வருடங்களில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தை உருவாக்கினார். அதன் பிறகுதான் ஒரே அளவில் பல போல்ட்டுகள் செய்ய வழி பிறந்தது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த்.

விட்வொர்த் ஒரு காரியம் செய்தார். இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளை வரவழைத்து அளந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் நடுவான ஒரு அளவை எடுத்து, 1841-இல் பொறியாளர் சங்கத்தின் முன் படித்தார். மரையின் கோணம் 55 பாகை. கால் அங்குல போல்ட்டுக்கு ஒரு அங்குல நீளத்தில் 20 மரை, 5/16 அங்குலத்துக்கு 18, 3/8 அங்குலத்துக்கு 16, அரை அங்குலத்துக்கு 12. இவ்வளவுதான். யாருடைய மரையும் தோற்கவில்லை, யாருடைய மரையும் முழுதாக ஜெயிக்கவுமில்லை. அதனாலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் பல பிரிவுகளின் படிவங்களை ஒன்றாக்க முயன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும்.

ரயில், கப்பல், நீராவி இயந்திரம் எல்லாவற்றிலும் விட்வொர்த் மரை ஏறியது. இங்கிலாந்துக்காரர்கள் போன இடமெல்லாம் அதுவும் போனது. நம் ஊர்ப்பக்கம் ரயில்வே பட்டறைகளிலும் ஆலைகளிலும் பழைய ஃபிட்டர்கள் "விட்வொர்த்" என்ற பெயரை ஏதோ கடவுள் பெயர் போலச் சொல்வார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. விட்வொர்த் மரை பருமனானது. வார்ப்பிரும்புக்கும் அலுமினியத்துக்கும் நல்லது. ஆனால் அதிரும் வண்டிகளில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆகவே சைக்கிள் செய்பவர்கள் 1902-இல் தங்களுக்கென்று ஒரு நுண்ணிய மரையை வகுத்துக்கொண்டார்கள். அதன் கோணம் 60 பாகை. கால் அங்குலமானாலும் 5/16 ஆனாலும் 3/8 ஆனாலும் அங்குலத்துக்கு 26 மரைதான். இதைத்தான் பட்டறையில் "சைக்கிள் த்ரெட்" என்பார்கள். மோட்டார் வண்டிகள் வந்த பிறகு, 1908-இல், விட்வொர்த்தின் 55 பாகையையே வைத்துக்கொண்டு மரையை மட்டும் நெருக்கமாக்கிய இன்னொரு வகை வந்தது. அதுதான் பி.எஸ்.எஃப். கால் அங்குலத்துக்கு 26, 5/16-க்கு 22, 3/8-க்கு 20.

மின்சாதனங்களில் வரும் சின்னத் திருகுகளுக்கு 1884-லேயே பி.ஏ. என்ற தனி வகை வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் அங்குலத்தை உயிராக நினைப்பவர்கள். ஆனால் இந்த பி.ஏ. மரையை அவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதன் 0 எண் திருகு சரியாக 6 மில்லிமீட்டர் பருமன், 1 மில்லிமீட்டர் பிட்ச். அங்குல நாட்டின் வண்டிக்குள்ளேயே மில்லிமீட்டர் ஒளிந்து உட்கார்ந்திருந்தது.

ராயல் என்ஃபீல்டு, ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் கம்பெனியாகத் தொடங்கி, 1901-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. எனவே அதன் வண்டியில் சைக்கிள் மரை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எஞ்சினில் வேறு மரை, மின்பாகத்தில் வேறு மரை. ஒரு பழைய புல்லட்டை முழுதாகக் கழற்றிப் பரப்பினால் மூன்று நான்கு வகை மரைகள் அதில் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று மருமகள்கள் மூன்று ஊர்ப் பேச்சு பேசுவது போலத்தான்.

இனி மில்லிமீட்டரின் கதை. மீட்டர் என்ற அளவைப் பிரான்ஸ் 1795-இல் சட்டமாக்கியது. ஆனால் மரைக்கு ஒரு பொது அளவு வர அங்கேயும் நூறு வருடம் பிடித்தது. 1894-இல் பிரெஞ்சுத் தொழில்துறைச் சங்கம் ஒன்று மில்லிமீட்டர் மரையை வகுத்தது. 1898-இல் சூரிச் நகரில் கூடிய மாநாடு அதைத் தழுவி ஐரோப்பாவுக்குப் பொதுவான மரையை ஏற்றுக்கொண்டது. கோணம் 60 பாகை. இன்று கடையில் வாங்கும் 6 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளின் மூதாதை அதுதான்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு மீட்டரும் சென்டிமீட்டரும்தான் பாடம். அங்குலம், அடி எல்லாம் வீட்டில் தச்சரும் கொத்தனாரும் பேசக் கேட்டதுதான். பிரெஞ்சில் மரையின் பிட்சை "பா" என்பார்கள். பா என்றால் காலடி. போல்ட்டை ஒரு சுற்றுத் திருகினால் அது எவ்வளவு தூரம் முன்னே அடி எடுத்து வைக்கிறதோ அதுதான் பா. அழகான சொல். பிட்ச் என்றால் என்ன என்று இளைஞர்கள் கேட்கும்போது நான் இதைத்தான் சொல்வது. கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பானருக்குப் பிரெஞ்சில் "க்ளே ஆங்க்ளேஸ்", அதாவது இங்கிலீஷ் சாவி என்று பெயர். எந்த அளவுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று வேண்டுமென்றால் அது இங்கிலீஷ்காரனுடையதாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்களோ என்னவோ!

அமெரிக்கர்கள் தனி வழி. பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864-இல் 60 பாகையில் அவர்களுக்கென்று ஒரு மரையை வகுத்துவிட்டார். இந்த வேற்றுமையின் விலை இரண்டாம் உலகப் போரில்தான் முழுதாகத் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி செய்தபோது, அமெரிக்க மரையை வைத்தால் இங்கிலாந்தில் ரிப்பேர் பார்க்க முடியாது. ஆகவே இங்கிலாந்து மரைகளையே அமெரிக்காவில் வெட்ட வேண்டியிருந்தது. அதற்கான டேப்பும் டையும்கூட அங்கே தயாராகக் கிடைக்கவில்லை. போர் முடிந்து 1948 நவம்பரில் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து மூன்றும் ஒரு பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டன. அதில் 60 பாகை ஜெயித்தது. விட்வொர்த்தின் 55 பாகைக்கு அன்றே ஓய்வூதியம் எழுதியாகிவிட்டது.

ஆனால் ஓய்வு பெற்றவர் உடனே வீட்டை விட்டுப் போய்விடுவாரா? 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. நம் ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட உறுதியான வண்டி வேண்டியிருந்தது. முதலில் பாகங்கள் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளும் திருவொற்றியூருக்கு வந்து, வண்டி முழுதும் இங்கேயே தயாரானது. கருவிகளோடு மரைகளும் வந்தன. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டே இல்லாமல் போனது. திருவொற்றியூரில் மட்டும் இங்கிலாந்து மரையோடு புல்லட் பிறந்துகொண்டே இருந்தது.

அதே சமயம் நாடு வேறு திசையில் நடந்தது. 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1958 முதல் சேரும் பவுண்டும் போய்க் கிலோ வந்தது. அங்குலம் மெல்ல மெல்லக் கடைகளை விட்டுப் போனது. மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவா, செக்கோஸ்லோவாக்கியாவின் வண்டி. அதில் எல்லாம் மில்லிமீட்டர். பிரான்சின் மோட்டோபெக்கான் கூட்டில் திருப்பதியில் செய்த சுவேகா மொபெட்டும் மில்லிமீட்டர். பிறகு வந்த ஜப்பான் வண்டிகளும் அப்படியே. மகிந்திரா ஜீப்பில் அமெரிக்க மரை. தனியாக நின்றது புல்லட்தான். பின்னாளில் அதிலும் கொஞ்சம் கொஞ்சமாக மில்லிமீட்டர் நுழைந்தது. ஆகவே நடுக்காலத்து வண்டிகளில் எது எங்கே என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் அலுவலகமும் இதே நிலையில் இருந்தது. பழைய ரிஜிஸ்தர்கள் பிரெஞ்சில். புதிய சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில். மக்கள் கொண்டுவரும் மனு தமிழில். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு நிறைவேறியது. ஆனால் ஒரு பத்திரத்தைத் தேட வேண்டுமென்றால் பிரெஞ்சு தெரிந்த ஒரு கிளார்க் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெறப் பெற ரிஜிஸ்தர் ஊமையாகிவிடும். புல்லட்டுக்கும் இதுதான் ஆபத்து.

இதைச் சும்மா சொல்லவில்லை. என் மைத்துனர் 1968-இல் வாங்கிய புல்லட்டை இப்போது அவர் பேரன் ஓட்டுகிறான். மைத்துனர் காலமாகி ஆறு வருடமாகிறது. போன வருடம் முன் மட்கார்டைத் தாங்கும் கம்பியின் கால் அங்குல போல்ட்டு ஒன்று வழியில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பட்டறைக்காரர் ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துத் திருகினார். விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று, எல்லோருக்கும் திருப்தி. மூன்றாம் நாள் காலாப்பட்டுச் சாலையில் அதுவும் விழுந்தது. மட்கார்டு சரிந்து டயரை உரசியது. வேகத்தடைக்காக மெதுவாக்கியிருந்ததால் பையன் தப்பினான். வேகமாகப் போயிருந்தால் மட்கார்டு சக்கரத்தில் சிக்கி ஆளைத் தூக்கி எறிந்திருக்கும். அவன் அம்மா வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொன்னாள். பெற்ற வயிறு, வேறு என்ன சொல்லும்?

என்ன நடந்தது என்று கணக்குப் பாருங்கள். அங்குலத்துக்கு 26 மரை என்றால் ஒரு அடி 0.977 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் அடி 1 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் தடையில்லாமல் ஏறியது. ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். புதிய போல்ட்டு 0.35 மில்லிமீட்டர் ஒல்லி. மரையின் முழு ஆழத்தில் உட்காராமல் நுனியைப் பிடித்துத் தொங்கியது. புல்லட்டின் அதிர்வில் அது எத்தனை நாள் நிற்கும்?

5/16 அங்குலத்தில் ஆபத்து நேர் எதிர். நம் ஊர்க் கடைகளில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து "நூல்" கணக்குச் சொல்வார்கள். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். இரண்டரை நூல் என்றால் 5/16. மூன்று நூல் என்றால் 3/8. இரண்டரை நூல் போல்ட்டு என்று கேட்டால் இன்றைய கடைக்காரர் 8 மில்லிமீட்டரை எடுத்துக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை. 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் அடி 1.25. சைக்கிள் மரையின் அடி 0.977, பி.எஸ்.எஃப். அடி 1.155, விட்வொர்த் அடி 1.411. எதிலும் சேராது. இரண்டு மூன்று சுற்றுப் போய் இறுகும். "டைட்டா இருக்கு, நல்ல போல்ட்டு" என்று ஸ்பானர் போட்டு முறுக்கினால் அலுமினியத்தில் இருக்கும் பழைய மரை சீவிக்கொண்டு வந்துவிடும். சில ரூபாய் போல்ட்டால் கிராங்க்கேஸே பாழ்.

பையனின் வண்டிக்கு என்ன செய்தோம் என்றால், டப்பாவிலிருந்து நல்ல நிலையில் இருந்த ஒரு கால் அங்குல போல்ட்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, ஒரு பழைய கடைசல் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் மரையை நகத்தால் ஒரு தடவு தடவினார். "இருபத்தாறு" என்றார். கேஜ் வைத்துப் பார்த்தோம், இருபத்தாறுதான். அவரிடம் அந்த டை இருந்தது. நல்ல எஃகுக் கம்பியில் நான்கு போல்ட்டு போட்டுக் கொடுத்தார். வண்டி எடைக்குப் போகவில்லை.

இந்தத் தேடலில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கடைக்குப் போகும்போது மாதிரி போல்ட்டும் நட்டும் எடுத்துப் போங்கள். வெர்னியரில் பருமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேலை வைத்து அரை அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள்: 13 இருந்தால் இருபத்தாறு, 11 இருந்தால் இருபத்திரண்டு, 9 இருந்தால் பதினெட்டு. இலை இலையாக விரியும் த்ரெட் கேஜ் ஒன்று வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. தெரிந்த ஒரு போல்ட்டின் மரையோடு சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பார்ப்பதும் நல்ல சோதனை. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் இரண்டும் வேறு.

எந்த போல்ட்டையும் முதலில் விரலால் திருகுங்கள். முழுதும் விரலில் போக வேண்டும். ஆனால் உள்ளே போனபின் ஆடக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் ஸ்பானர்.

ஸ்பானரும் முக்கியம். இங்கிலாந்து ஸ்பானரில் எழுதியிருப்பது தலையின் அகலம் அல்ல, போல்ட்டின் பருமன். பி.எஸ்.எஃப். கால் அங்குல போல்ட்டின் தலை சுமார் 11.3 மில்லிமீட்டர், 11 ஸ்பானர் நுழையாது, 12 வழுக்கும். 5/16-இன் தலை சுமார் 13.3, 13 நுழையாது, 14 வழுக்கும். தலையின் மூலை மழுங்கிய புல்லட்டுகள் பல இப்படி மழுங்கியவைதான்.

பளபளவென்று இருக்கிறது என்று எல்லா இடத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ், 8.8 என்று தலையில் முத்திரை போட்ட எஃகு போல்ட்டைவிட வலுக்குறைவு. அலுமினியத்தோடு சேர்ந்தால், அதுவும் நம் கடற்கரை உப்புக்காற்றில், அலுமினியத்தை அரித்துவிடும். மட்கார்டு, நம்பர் பிளேட்டுக்குப் போடலாம்; பிரேக்குக்கும் அச்சுக்கும் வேண்டாம்.

மரை ஏற்கெனவே போய்விட்டிருந்தால் பெரிய துளை போட்டுப் பெரிய போல்ட்டு வைக்க அவசரப்பட வேண்டாம். ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளை உள்ளே இறக்கிப் பழைய மரையையே மீட்கலாம். அது பழைய அலுமினிய மரையைவிட உறுதி.

தேடும் இடங்கள் என்றால் சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, நம் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதிர்ஷ்டம் இருந்தால் பழைய டேப்பும் டையும்கூடக் கிடைக்கும். விலை பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். போல்ட்டு தீர்ந்துபோகும், டை இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. டப்பாவில் கிடப்பதை வகை பிரித்து, சின்னச் சின்ன உறையில் போட்டு, மேலே எழுதி வையுங்கள்: எந்த இடத்து போல்ட்டு, எத்தனை நூல், எத்தனை மரை என்று. ஒரு குமாஸ்தாவின் யோசனை என்று சிரிக்க வேண்டாம். நகத்தால் தடவி இருபத்தாறு என்று சொல்லும் கை எல்லா ஊரிலும் குறைந்துகொண்டு வருகிறது. எழுதி வைத்தது மட்டும்தான் அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.